தெஹ்ரானில் ஒரு சிறிய அறை

மணமுறிவைப் பற்றிய கதைகளிலும் படங்களிலும் நீதிமன்றம் வருமாயின், அது பெரும்பாலும் இறுதிக் காட்சிக்கென எழுப்பிய மேடையாகவே இருக்கும். கறுப்பு அங்கி, உயர்ந்த பீடம், சாட்சிக் கூண்டு, நெடிய வசனம். இவற்றோடு கதை முடிந்துவிடும். உண்மையில் வழக்கு நடத்தியவர்களைக் கேட்டால் வேறு செய்தி சொல்வார்கள். காத்திருந்தோம், கட்டைத் தேடினார்கள், ஒரு தாள் குறைகிறது என்றார்கள், அடுத்த வாய்தாவுக்கு வரச் சொன்னார்கள் என்பார்கள். அந்தக் காத்திருப்பையும் அந்தத் தாளையுமே பொருளாகக் கொண்ட ஓர் ஆவணப்படத்தைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். திரைப்படம் என்றாலே முகஞ்சுளிக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அவ்வில்லத்தாரும் ஒருமுறை பார்க்கத்தக்க படம் இது.

கிம் லாங்கினோட்டோ என்னும் ஆங்கிலேயப் பெண்மணியும் ஸீபா மீர் ஹுசைனி என்னும் ஈரானிய மானிடவியல் அறிஞரும் சேர்ந்து உருவாக்கிய 'ஈரானிய முறை விவாகரத்து' 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஓடுவது. தெஹ்ரான் நகரக் குடும்ப நீதிமன்றம் ஒன்றின் ஒரே அறையில் பெரும்பகுதியும் படமாக்கப்பட்டது. அனுமதி பெறுவதற்கே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று; 1997ஆம் ஆண்டின் இறுதியில்தான் படப்பிடிப்பு நடந்தது. மீர் ஹுசைனி அதற்கு முன்னரே ஈரானிலும் மொராக்கோவிலும் குடும்ப வழக்குகளை நேரில் இருந்து ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டவர். எந்த வழக்கில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் கிடைக்காது என்பதை அவர் படிப்பாலும் பழக்கத்தாலும் அறிந்திருந்தார். கேமராவை எங்கே நிறுத்துவது, எந்த நேரத்தில் வாய்மூடி நிற்பது என்பவற்றை அந்த அறிவே தீர்மானித்திருக்கிறது.

இப்படத்தை இரண்டு விதமாகத் தவறாகப் பார்க்கலாம். 'பாருங்கள், ஷரீஅத்தின்கீழ்ப் பெண்கள் படும் பாட்டை' என்று விரல் நீட்டுவோர் ஒரு சாரார். 'மேலை நாட்டார் நம்மை இழிவுபடுத்த எடுத்த படம்' என்று பாராமலே ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் அந்த அறைக்குள் நடப்பதைக் கவனிப்பதில்லை. அங்கு வரும் பெண்கள் எவரும் வாயடைத்துப் போனவர்கள் அல்லர். வாதிடுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், அதட்டுகிறார்கள், தேவைப்பட்டால் பொய்யும் சொல்கிறார்கள். சட்டம் தமக்கு எங்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறது, எங்கே தாழிட்டிருக்கிறது என்பதைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தடவலே படத்தின் கதை.

நுழைவாயிலிலேயே படம் தன் போக்கைக் காட்டிவிடுகிறது. ஆடவருக்கு ஒரு வழி, பெண்டிருக்கு ஒரு வழி. பெண்கள் வழியில் முகப்பூச்சும் முக்காடும் சோதிக்கப்படுகின்றன. உள்ளே போனால் சிறிய அறை. தலைப்பாகை அணிந்த நீதிபதி. பக்கத்து மேசையில் ஒரு பெண் எழுத்தர். நாற்காலிகளில் கணவனும் மனைவியும் ஏறத்தாழத் தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். உயர்ந்த பீடமும் கூண்டும் இல்லை. வழக்கறிஞரின் குரலைக் கேட்பதே அரிது. தத்தம் வழக்கைத் தாமே பேசிக்கொள்கிறார்கள்.

நீதிபதி கொடியவராகக் காட்டப்படவில்லை. பொறுமையானவர், சில இடங்களில் நகைச்சுவையும் உண்டு. ஆனால் பிரிந்துபோக வந்த பெண்ணிடம், கணவன் மனம் திரும்பும்படி அழகுபடுத்திக் கொள்ளச் சொல்லும் போது, அந்தப் பொறுமையே ஒரு சுவராக எழுந்து நிற்பதை நாம் காண்கிறோம். சேர்த்து வைப்பதைப் புண்ணியமாகக் கருதும் எல்லாப் பெரியவர்களிடமும் இச்சுவர் உண்டு. நம் ஊர் ஜமாஅத்துகளில் பஞ்சாயத்துக்கு அமர்ந்தவர்கள் இக்காட்சியைப் பார்த்தால் தம் குரலையே கேட்பது போல் இருக்கும்.

அந்த அறையில் சட்ட உதவி என்று ஒன்று இருக்குமாயின், அது நீதிபதியிடமிருந்து வருவதாகக் கூற முடியாது. பெண் எழுத்தரிடமிருந்து வருகிறது. பல்லாண்டுகள் அம்மேசையில் இருந்து பழகியவர் அவர். எந்த விண்ணப்பம் எங்கே போக வேண்டும், எந்தச் சொல்லைச் சொன்னால் நீதிபதி செவிசாய்ப்பார், எதைச் சொன்னால் வழக்கு கெடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு பெண் தன் கட்டு காணாமற்போனது என்று அறைக்கு அறை ஏறி இறங்குகிறாள். அவளுடைய புன்னகையும் பிடிவாதமும் கலந்த அந்த அலைச்சலைப் படம் விடாமல் பின்தொடர்கிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம் அங்கேதான் இருக்கிறது.

வழக்குகளில் ஒன்று, கணவனுக்குப் பாடம் புகட்டவே நீதிமன்றத்துக்கு வந்த பெண்ணுடையது. அவனை ஒரு நாள் கலங்க வைத்துவிட்டுச் சமாதானமாக வீடு திரும்புகிறாள். அவளுக்கு விவாகரத்து வேண்டியிருக்கவில்லை. கேட்க ஒரு காது வேண்டியிருந்தது. இதை விரைவாகக் கடந்து போகலாம். இன்னொன்று, முப்பத்தெட்டு வயதுக் கணவனை விட்டுப் பிரிய வந்த பதினாறு வயதுப் பெண்ணின் வழக்கு. இங்கே சற்று நிற்க வேண்டும்.

அந்நாட்டுச் சட்டப்படி கணவன் காரணம் காட்டாமலே தலாக் சொல்லலாம். ஆயினும் 1992ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், நீதிமன்றச் சான்று இன்றி அதைப் பதிவு செய்ய முடியாது. இரு குடும்பத்திலிருந்தும் நடுவர் வந்து பேச வேண்டும். மனைவிக்குரிய மஹரைக் கொடுத்தாக வேண்டும். குற்றமற்ற மனைவியைக் கணவனாகவே விலக்கினால், அவள் அவ்வீட்டில் செய்த வேலைக்குக் கூலி கணக்கிட்டுக் கொடுக்கவும் அத்திருத்தம் வழிவகுத்தது. 1997ஆம் ஆண்டு, விலைவாசி உயர்வுக்கேற்ப மஹரைக் கணக்கிடவும் சட்டம் வந்தது. மனைவியே விலக விரும்பினாலோ, வாழ்வு தாங்கவொண்ணாத் துன்பமாகிவிட்டது என மெய்ப்பிக்க வேண்டும். இல்லையேல் மஹரை விட்டுக்கொடுத்துக் கணவனின் சம்மதத்தைப் பெற வேண்டும். நாம் குலா என்று வழங்குவது இதையே.

ஆகவே அந்த அறையில் நடக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் அடியில் ஒரு பேரம் ஓடுகிறது. கணவன் கொடுக்க விரும்பாதது மஹர். மனைவிக்கு வேண்டியது விடுதலை. யார் முதலில் களைத்துப் போகிறார்களோ அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். பதினாறு வயதுப் பெண் இதை நன்கு உணர்ந்திருக்கிறாள். பெரியவர்கள் நடுவில் அவள் குரலை உயர்த்திப் பேசும்போது, அவளுக்கு அத்துணிவு எங்கிருந்து வந்தது என்று வியக்கிறோம். மஹர் அவளிடம் உள்ள ஒரே நாணயம். அதை எவ்வளவுக்குச் செலவழிப்பது என்பதே அவளுடைய வழக்கு. நம் பக்கத்தில் நிக்காஹ் பதிவேட்டில் பெயரளவுக்கு ஒரு தொகையை எழுதிவிட்டு, வரதட்சணையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோமே, அந்நாணயத்தை நம் பெண்களுக்கு நாமே செல்லாக்காசாக்கி அனுப்புகிறோம் என்பதை இப்படம் ஒரு சொல்லும் சொல்லாமல் உணர்த்துகிறது.

ஆனால் மஹர் மட்டுமே நாணயம் அன்று. பிள்ளைகளும் தராசில் ஏற்றப்படுகிறார்கள். படத்தின் உயிர்நிலையான வழக்கு இதைப் பற்றியதே.

இரு பெண்மக்களின் தாய் ஒருத்தி. முதல் கணவனைப் பிரிந்தவள், மறுமணம் செய்துகொண்டவள். மறுமணம் செய்ததால் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கிறாள். இளையவளையும் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது உத்தரவு. அவள் அழுகிறாள், வாதிடுகிறாள், யார் யாரையோ பிடித்துக் கேட்கிறாள். ஒரு கட்டத்தில் நீதிமன்றத்தின் உத்தரவுத் தாளையே கிழித்துவிடுகிறாள். கிழித்தாயா என்று கேட்டதும் இல்லை என்று மறுக்கிறாள். அறையிலிருந்த படக்குழுவினரே சாட்சியாகிவிடும் நிலை வருகிறது. அதுவரை சுவரோரம் நின்று பார்த்தவர்கள் இப்போது உண்மை சொல்ல வேண்டும். சொன்னால், தாம் எந்தப் பெண்ணுக்காக இரங்கினார்களோ அவளுக்கே கேடு. ஆவணப்படம் எடுப்போர் பேசும் நடுநிலைமை எத்தனை மெல்லியது என்பதை இவ்வொரு காட்சி காட்டிவிடுகிறது. இதை வெட்டி எறியாமல் படத்தில் வைத்தது அவ்விருவரின் நேர்மைக்குச் சான்று.

அத்தாய் தோற்றதற்குக் காரணமான விதியை இங்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் படம் அதை விரிக்கவில்லை. படமெடுத்த காலத்தில் ஈரானியக் குடிமைச் சட்டப்படி ஆண்பிள்ளை இரண்டு வயது வரையிலும், பெண்பிள்ளை ஏழு வயது வரையிலும் தாயிடம் இருக்கலாம், அதன்பின் தந்தையிடம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இருபாலார்க்கும் ஏழு வயது என்றாயிற்று. தாய் மறுமணம் செய்தால் உரிமை தந்தைக்குப் போகும் என்னும் விதி அப்போது மாறவில்லை. இது ஜஃபரி மத்ஹபின் அடிப்படையில் அமைந்தது.

இதைப் படிக்கும் நம் குடும்பத்தார் 'ஷரீஅத்தே இப்படித்தான்' என்று எண்ணிவிடக்கூடாது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபும் வழங்குகின்றன. இவ்விரண்டிலும் ஹிளானத் என்னும் பிள்ளை வளர்ப்புரிமை, தாய் அந்நியரை மறுமணம் செய்தால் அவளை விட்டு நீங்கும் என்பது உண்மை. ஆனால் நீங்கியதும் அது தந்தையின் கைக்கு நேரே போவதில்லை. தாயைப் பெற்ற பாட்டிக்கே முதலில் போகிறது. சிறு பிள்ளையை வளர்க்கும் தகுதி தாய்வழிப் பெண்டிருக்கே முந்தியது என்று கருதிய சட்ட அறிஞர்கள் வகுத்த வரிசை அது. பிள்ளையின் செல்வத்துக்கும் திருமணத்துக்கும் உரிய வலீ பொறுப்பு தந்தையுடையது. மடியில் வைத்து வளர்க்கும் உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, 'வலீ நான், பிள்ளை எனக்கே' என்று தகப்பன்மார் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

மறுமண விதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, தன் பிள்ளையைக் கணவன் பறிக்கப் பார்க்கிறான் என்று முறையிட்ட ஒரு பெண்ணிடம், நீ மறுமணம் செய்யாதவரை உனக்கே உரிமை அதிகம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் வரும் செய்தி. ஆனால் இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது. உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை யார் வளர்ப்பது என்று அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) மூவரும் உரிமை கோரினர். சிறுமியின் தாயுடன் பிறந்தவள் ஜஅஃபரின் மனைவியாக இருந்தாள். அந்தச் சிற்றன்னையிடமே பிள்ளையை ஒப்படைத்து, தாயின் சகோதரி தாயின் இடத்தவள் என்றார்கள் நபியவர்கள். இது புகாரீயில் உள்ளது. கணவனுடன் வாழ்பவளிடமே பிள்ளை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய சான்றுகளை வைத்து, மறுமணத்தால் மட்டுமே தாயின் உரிமை அற்றுப்போகாது என்று வாதிட்டவர் ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் இப்னு ஹஸ்ம். பெரும்பான்மையோர் அவரை ஏற்கவில்லை. ஆயினும் சட்டம் ஒரே கல்லில் செதுக்கியது அன்று என்பதற்கு இது போதும். தெஹ்ரான் அறையில் அத்தாள் கிழிக்கப்பட்டபோது, இவ்வாதங்களை அவளுக்காக எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. சட்ட உதவி இல்லாமை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சியை நான் பார்த்ததில்லை.

படத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதற்குறை தலைப்பு. 1961ஆம் ஆண்டு பியெத்ரோ ஜெர்மி எடுத்த 'இத்தாலிய முறை விவாகரத்து' என்னும் நகைச்சுவைப் படத்தின் பெயரைக் கேலியாக எதிரொலிப்பது அது. அப்படத்தில் சிசிலியப் பிரபு ஒருவன், விவாகரத்துக்குச் சட்டமே இல்லாத நாட்டில், மனைவியைக் கொன்று விடுதலை பெறச் சதி செய்கிறான். இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் 1970ஆம் ஆண்டில்தான் வந்தது. கதவே இல்லாத வீட்டுக்கும், கதவிருந்தும் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் எளிதில் திறக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டத்தான் அத்தலைப்பு வைத்தார்கள் போலும். ஆயினும் பதினாறு வயதுப் பெண்ணின் வழக்கைப் பார்த்தபின் அந்தக் கேலி சுவைக்கவில்லை.

இரண்டாவது, தகப்பன்மார். அவர்கள் அறைக்குள் வருகிறார்கள், முகம் இறுகி உட்காருகிறார்கள், போகிறார்கள். அவர்களின் வீட்டை நாம் காண்பதில்லை. பிள்ளையைக் கேட்டுப் பெற்ற தந்தை அதை எப்படி வளர்க்கப் போகிறான், வளர்ப்பது அவனா, அவன் தாயா, புது மனைவியா என்ற கேள்வியைப் படம் கேட்கவேயில்லை. பிள்ளை யாரிடம் என்னும் வழக்கில் இதைவிட முக்கியமான கேள்வி வேறென்ன இருக்கிறது? மூன்றாவது, நீதிமன்றம் வரை வந்துவிட்டவர்களை மட்டுமே கேமரா கண்டது. வரவே முடியாதவர்கள், வண்டிச் சத்தத்துக்கும் வழியற்றவர்கள், தகப்பன் வீட்டுக் கதவு மூடியதால் அடிவாங்கிக்கொண்டே இருப்பவர்கள் அந்த அறைக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரே அறையில் படமெடுத்ததன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே.

பிள்ளைகளும் ஏறத்தாழ வெளியேதான். ஒரே ஒரு விலக்கு, எழுத்தரின் சிறுமகள். பள்ளி விட்டதும் தாயைத் தேடி நீதிமன்றத்துக்கு வரும் அச்சிறுமி, நீதிபதி இல்லாத நேரத்தில் அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அங்கில்லாத ஒரு கணவனை அதட்டி விசாரிக்கிறாள். தான் ஒருபோதும் மணம் செய்யப் போவதில்லை என்றும் சொல்கிறாள். பார்ப்பவர்கள் சிரிக்கும் இடம் இது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகராறுள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று இப்படித்தான் தீர்ப்பெழுதிக் கொண்டிருக்கிறார்கள். அவர்களை விசாரிக்க மட்டும் எவரும் அழைப்பதில்லை.

அப்படி அழைக்கப்பட்ட ஒரு பிள்ளையைக் காண, அதே நகரத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு படத்துக்குப் போக வேண்டும். அஸ்கர் ஃபர்ஹாதியின் 'ஒரு பிரிவு' 2011ஆம் ஆண்டு வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கார் பரிசும் பெற்றது. இது கற்பனைக் கதை. வெளிநாடு செல்ல விரும்பும் மனைவி ஸிமீன். நினைவிழந்த முதிய தந்தையை விட்டு வர மறுக்கும் கணவன் நாதிர். இருவருக்கும் இடையே பதினொரு வயது மகள் தர்மே. முதற்காட்சியில் கணவனும் மனைவியும் நம்மை நோக்கி உட்கார்ந்து வாதிடுகிறார்கள்; நீதிபதியின் இடத்தில் நாமே இருக்கிறோம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இறுதிக் காட்சியில் அம்மகளிடம், நீ யாருடன் இருக்க விரும்புகிறாய் என்று நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டேன் என்கிறாள். பெற்றோரை வெளியே அனுப்பச் சொல்கிறாள். தாழ்வாரத்தில் இருவரும் எதிரெதிரே, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு இருக்க, காத்திருக்கிறார்கள். அவள் சொன்னது நமக்குச் சொல்லப்படாமலே படம் முடிகிறது.

ஷாஃபிஈ மத்ஹபைப் பயின்றவர்களுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. நன்மை தீமை அறியும் பருவத்தை, ஏறத்தாழ ஏழு வயதை, எட்டிய பிள்ளையைத் தாய் தந்தை இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொல்வது அம்மத்ஹபின் விதி. ஒரு சிறுவனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அவன் தாயின் கையைப் பற்றிக்கொண்டான் என்று அபூஹுரைரா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். பிள்ளையின் வாயைத் திறந்துவிடும் விதி இது. ஆனால் ஃபர்ஹாதி காட்டும் சுமையும் உண்மையே: யாரைத் தேர்ந்தாலும் மற்றவரை இழக்கும் தேர்வு அது. கேட்பவர் எப்படிக் கேட்கிறார், யார் முன்னிலையில் கேட்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெற்றோரை வெளியே அனுப்பச் சொன்ன அச்சிறுமிக்கு அது தெரிந்திருக்கிறது. அவளைக் கேட்ட நீதிபதிக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

பேரத்தைப் பற்றி ஒரு சொல். குலா பெறுவதற்காகப் பிள்ளை வளர்ப்புரிமையை விட்டுக்கொடுக்க ஒரு தாய் ஒப்புக்கொண்டால் அது செல்லுமா? ஹனஃபி சட்ட நூலார் நுட்பமான விடை சொல்லியிருக்கிறார்கள்: குலா செல்லும், அந்நிபந்தனை செல்லாது, ஏனெனில் வளர்ப்பு பிள்ளையின் உரிமை, பிறர் உரிமையை விலையாகக் கொடுக்க முடியாது. 2000ஆம் ஆண்டு எகிப்து நாடு குலாவைச் சட்டமாக்கிய போது, பிள்ளை வளர்ப்பையோ பிள்ளைக்குரிய ஜீவனாம்சத்தையோ குலாவுக்கு ஈடாக வைக்கக்கூடாது என்று எழுதியே வைத்தது. தெஹ்ரான் அறையில் நாம் கண்ட பேரத்தின் பாதியை இந்த ஒரு வரி அடைத்துவிடும்.

இனி நம் பக்கம். இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம், மனைவி நீதிமன்றம் சென்று மண வாழ்விலிருந்து விடுபடக் காரணங்களை வரிசைப்படுத்தியிருக்கிறது: நான்காண்டு காணாமற்போன கணவன், இரண்டாண்டு ஜீவனாம்சம் கொடாத கணவன், கொடுமை செய்யும் கணவன் எனப் பல. ஹனஃபி விதியின் இறுக்கத்தால் சில பெண்கள் விடுதலைக்காக மதம் மாறும் அவலம் கண்டு, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ மாலிகீ மத்ஹபின் துணைகொண்டு எழுதிய நூல் அச்சட்டத்துக்கு வழிகாட்டியது. ஆலிம்களே முன்னின்று திறந்த கதவு என்பதை நம் பெண்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? 2023ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம், தனிப்பட்ட ஷரீஅத் மன்றங்கள் தரும் குலாச் சான்று சட்டப்படி செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஜமாஅத் கடிதத்தை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுமணம் பேசும் தந்தையர் அதை அறியாதிருப்பது ஆபத்து. ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக்கைத் தண்டனைக்குரியதாக்கிய 2019ஆம் ஆண்டுச் சட்டமும், அவ்வாறு சொல்லப்பட்ட மனைவிக்கு வயது வராத பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் உரிமையை, குற்றவியல் நடுவர் தீர்மானிக்கும் வகையில், தனிப் பிரிவில் கூறுகிறது. தண்டனைப் பிரிவைப் பற்றிப் பேசியவர்கள் இப்பிரிவைப் பேசவில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது அடுத்த தடை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கணவன் செல்வந்தன் என்பதாலோ, தந்தைக்கு வீடிருக்கிறது என்பதாலோ அதை மறுக்க முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்டத் தலைநகர்களில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இதற்கென இயங்குகின்றன. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே தொடக்கம். மேலும், குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அங்கே தானே நின்று பேசலாம். ஆனால் தானே பேசுவதற்கும், என்ன பேச வேண்டும் என்று தெரிந்து பேசுவதற்கும் உள்ள தொலைவைத்தான் தெஹ்ரான் பெண்கள் நமக்குக் காட்டினார்கள்.

பிள்ளையைப் பற்றிய வழக்கில் நம் நீதிமன்றங்கள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தைப் பின்பற்றுகின்றன. பிள்ளையின் மார்க்கச் சட்டத்தையும் பார்த்து, அதன் நலத்தையே தலையாயதாகக் கொண்டு, வயது, பால், கேட்பவரின் ஒழுக்கம் முதலியவற்றை எண்ணி முடிவு செய்ய வேண்டும்; கருத்துச் சொல்லும் பக்குவம் பிள்ளைக்கு இருந்தால் அதையும் கேட்கலாம் என்கிறது அச்சட்டம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். கணவன் ஊருக்கு ஓட வேண்டியதில்லை என்பதை அறியாமல் எத்தனையோ பெண்கள் வழக்கே போடாமல் இருந்துவிடுகிறார்கள்.

'பிள்ளைகள் மீது எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை' என்று ஜமாஅத்தில் பெண்ணிடம் எழுதி வாங்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. தலாக்கையோ குலாவையோ விரைவில் முடிப்பதற்காக, நல்லெண்ணம் கொண்ட பெரியவர்களே அதைச் செய்கிறார்கள். அத்தகைய காகிதம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அதில் கையொப்பமிட்ட தாயும் மறுநாளே விண்ணப்பம் கொடுக்கலாம். நீதிமன்றம் தந்த உத்தரவுகூட இறுதியானது ஆகாது. நான்கு வயதில் எழுதியது பத்து வயதில் பொருந்தாவிட்டால், தாயோ தந்தையோ அதே நீதிமன்றத்தில் மாற்றித்தரக் கேட்கலாம். தெஹ்ரானில் அத்தாளைக் கிழித்த பெண்ணைப் போல் எவரும் எதையும் கிழிக்க வேண்டியதில்லை; புதிதாக ஒரு தாளை எழுதிக் கொடுத்தால் போதும்.